கையால் செய்த புனிதர் படம்

பூசைப் புத்தகத்தின் இரு தாள்களுக்கிடையே அடங்கிவிடும் சிறு அட்டை அது. முன்புறத்தில் ஒரு புனிதரின் திருவுருவம், பின்புறத்தில் நான்கைந்து வரிகளில் ஒரு செபம். முகையூரிலும், விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களிலுள்ள பங்குகளிலும் இத்தகைய படம் ஒன்றேனும் இல்லாத கத்தோலிக்க இல்லத்தைக் காண்பது அரிது. புதுநன்மை நாளில் கிடைத்தது ஒன்று, வேளாங்கண்ணிக்குச் சென்று வந்த உறவினர் தந்தது ஒன்று, மறைந்த தாத்தாவின் முப்பதாம் நாள் நினைவாக அச்சிட்டது ஒன்று எனக் குடும்பத்தின் வரலாறே அந்தப் புத்தகத்துக்குள் அடுக்கப்பட்டிருக்கும். இன்று இவையனைத்தும் அச்சகத்திலிருந்து நூற்றுக்கணக்கில் வருகின்றன. ஆனால் இவ்வழக்கம் கைவேலையாகவே தொடங்கிற்று என்பதை நம்மில் பலர் அறியோம்.

ஆண்டு குறிக்கப்பட்ட மிகப் பழைய ஐரோப்பிய மரச்செதுக்குப் படங்களுள் ஒன்று 1423ஆம் ஆண்டினது. பயணிகளின் பாதுகாவலராகிய புனித கிறிஸ்தோபர் குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடக்கும் காட்சி அது. மரப்பலகையில் செதுக்கி, தாளில் ஒற்றி எடுத்து, பின்னர் கையால் வண்ணம் தீட்டியிருக்கின்றனர். ஜெர்மனியில் பக்ஸ்ஹைம் என்னுமிடத்திலிருந்த துறவியர் மடத்துக் கையெழுத்து ஏடொன்றின் அட்டையினுள் ஒட்டப்பட்டிருந்த அப்படம் இன்று இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகர நூலகத்தில் உள்ளது. அப்புனிதரின் முகத்தைக் கண்டவருக்கு அன்று தீய மரணம் நேராது என அக்கால மக்கள் நம்பினர். இந்த நம்பிக்கையைப் பற்றிப் பின்னர்ச் சொல்லுவோம்.

பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் பிரான்சு முதலிய நாடுகளின் கன்னியர் மடங்களில் இது நுண்கலையாகவே வளர்ந்தது. கூரிய சிறு கத்தியால் தாளையும் தோலையும் பின்னல் சரிகைபோல் கத்தரித்து, நடுவே ஒரு புனிதரின் உருவத்தை வரைவார்கள். ஓர் அட்டைக்குப் பல நாள் உழைப்பு. பிரெஞ்சுப் புரட்சி மடங்களை மூடிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிசு நகரின் அச்சகங்கள் அதே சரிகை வேலையை இயந்திரத்தால் செய்து மலிவாக விற்றன. அந்தப் பாரிசு நகரிலிருந்துதான் 1776ஆம் ஆண்டு முதல் வேதபோதகக் குருக்கள் புதுச்சேரி மறைப்பணித்தளத்தின் பொறுப்பை ஏற்று நம் பகுதிக்கு வந்தனர். 1886இல் உயர்மறைமாவட்டமாகி, 1953 முதல் புதுவை-கடலூர் என வழங்கும் நம் உயர்மறைமாவட்டம் அவர்கள் உழைப்பில் வளர்ந்தது.

அதே பாரிசு சபையைச் சேர்ந்தவர் புனித தியோபான் வேனார். 1861ஆம் ஆண்டு வியட்நாமில் தலைவெட்டுண்டு மறைசாட்சியானவர். குழந்தை இயேசுவின் புனித தெரேசம்மாள் நோயுற்றுக் கிடந்த இறுதி மாதங்களில் அவரது படத்தைத் தம் படுக்கையருகே வைத்திருந்தார். தெரேசாவும் படங்கள் வரைவதில் கைதேர்ந்தவர். லிசியே கார்மேல் மடத்தில் தம் சகோதரிகளுக்கும், தம் செபத்தால் தாங்கிவந்த குருக்களுக்கும் படங்களைச் செய்தும் எழுதியும் கொடுத்தவர். எனினும், அவர் கைப்பட்ட படங்களுள் நம் உள்ளத்தை மிகவும் தொடுவது ஓவியத் திறமை ஏதும் இல்லாத ஒன்று.

1887ஆம் ஆண்டு பெந்தெகொஸ்தே திருநாளன்று, பதினான்கு வயதான தெரேசா, மடத்தில் சேர விரும்புவதைத் தந்தையிடம் கண்ணீரோடு சொன்னார். தந்தை மறுக்கவில்லை. தோட்டத்துச் சுவரில் முளைத்திருந்த சிறு வெள்ளைப் பூச்செடியொன்றை வேரோடு பறித்து மகள் கையில் கொடுத்தார். மகள் அதனை வாடவிட்டு எறியவில்லை. கிறிஸ்துநாதர் அநுசாரம் என்னும் நூலுக்குள் வைத்தார். பின்னர் அது வெற்றி அன்னையின் படமொன்றில் ஒட்டப்பட்டது. 1883இல் அவர் கடும் நோயுற்றபோது, பாரிசிலுள்ள வெற்றி அன்னை ஆலயத்தில் அவருக்காகத் திருப்பலிகள் ஒப்புக்கொடுக்கும்படி அவர் தந்தை கேட்டுக்கொண்டிருந்தார் என்பதை இங்கு நினைத்தல் தகும். பத்தாண்டுகள் கழித்து, 1897 செப்டம்பர் 8ஆம் நாள், மாதா பிறந்த திருநாளன்று, அப்படத்தின் பின்புறத்தில் நடுங்கும் கையால் அன்னையை நோக்கிச் சில வரிகள் எழுதினார். அதுவே அவர் கடைசியாக எழுதியது. அம்மாதம் 30ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். கடையில் வாங்கிய படந்தான். தந்தை தந்த பூவும், மகள் எழுதிய செபமும் அதனை வேறொன்றாக ஆக்கிவிட்டன.

ஆதலின் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சித்திரம் வராதே எனப் பெற்றோர் தயங்க வேண்டியதில்லை. ஒரு வரைபட அட்டை, வண்ணப் பென்சில், கொஞ்சம் பசை இவையே போதும். திருமுழுக்கில் பெற்ற பெயருக்குரிய புனிதரையோ பங்கின் பாதுகாவலரையோ பிள்ளை வரையட்டும். வரையத் தொடங்கியவுடன் கேள்விகள் பிறக்கும். அந்தோனியார் கையில் ஏன் லீலிமலர்? இராயப்பருக்கு ஏன் திறவுகோல்? செபஸ்தியார் உடலில் அம்பு தைத்தது எதனால்? அருளானந்தரை வரைகின்ற பிள்ளை, போர்த்துக்கல் நாட்டுப் பிரபு குலத்தவர் ஏன் பண்டாரசுவாமிகளின் காவியுடை தரித்தார் என்றும், 1693 பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் என்ன நடந்தது என்றும் கேட்டே தீரும். பதில் சொல்வதற்காகவாவது தாய்தந்தையர் புனிதர் வரலாற்றைப் புரட்டுவர். தமிழில் புனிதர் வரலாறுகள் 1586ஆம் ஆண்டிலேயே அண்டிரிக் அடிகளாரால் அச்சேறிவிட்டன. நமக்கு நூல் இல்லை என்று சொல்ல வழியில்லை!

பின்புறத்துச் செபத்தை எங்கிருந்தும் பார்த்தெழுத வேண்டாம் என்பது நம் கருத்து. பாட்டிக்குக் கண் அறுவை, அண்ணனுக்குப் பரீட்சை, மழையில்லாமல் வாடும் மல்லாட்டைக் கொல்லை, குடியை விடமுடியாத தகப்பன் என அந்த வீட்டின் உண்மையான கவலை அதில் இடம்பெறட்டும். தகப்பனுக்காகப் பிள்ளை எழுதிய செபத்தைத் தகப்பன் ஒருநாள் படிக்க நேரிடலாம். எந்த அச்சகமும் அச்செபத்தை அச்சிட்டுத் தராது.

இனி, முன்னர்க் குறித்த நம்பிக்கைக்கு வருவோம். பங்குகளில் அவ்வப்போது ஒருவகைச் செபத்தாள் உலவுகின்றது. இத்தனை படி எடுத்து இத்தனை பேருக்குக் கொடுத்தால் ஒன்பது நாளில் நன்மை, கொடாவிட்டால் குடும்பத்தில் கேடு என்று அது அச்சுறுத்தும். முன்பு தபாலில் வந்தது, இப்பொழுது கைப்பேசியில் வருகின்றது. இதனைக் கண்டு அஞ்சி, அரைப்பட்டினி கிடந்தேனும் படியெடுத்துக் கொடுத்த ஏழைத் தாய்மார் உண்டு. புனிதர் எவரும் தம் பெயரால் எவரையும் மிரட்டுவதில்லை. அத்தாளைத் தயங்காமல் கிழித்தெறியலாம். திருவுருவத்திற்குச் செய்யும் வணக்கம் அவ்வுருவம் குறிக்கும் ஆளையே சேரும் என்று 787ஆம் ஆண்டின் இரண்டாம் நிசேயாப் பொதுச்சங்கம் கற்பித்தது. படத்திலேயே தெய்வீக ஆற்றல் அடங்கியிருப்பதுபோல் எண்ணி அதில் நம்பிக்கை வைத்தலாகாது என்பதை 1563இல் திரிதெந்தின் பொதுச்சங்கமும் எடுத்துரைத்தது. பொதுமக்களுக்கென வெளியிடும் செபநூல்களுக்கு மறைமாவட்டத் தலைமையின் அனுமதி வேண்டுமென்று 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 826ஆம் எண்ணில் கூறுகின்றது. வீட்டளவில் பிள்ளை எழுதும் செபத்துக்கு அந்த அனுமதி தேவையில்லை. பங்குத்தந்தையிடம் ஒருமுறை காட்டினால் அவர் மகிழ்ந்து மந்திரித்துத் தருவார்.

கிழிந்து மங்கிய பழைய படங்களை என்ன செய்வது எனப் பலர் கேட்கின்றனர். மந்திரித்த படமாயின் குப்பையில் இடாமல், எரித்துச் சாம்பலை மண்ணில் புதைப்பதே நம் முன்னோர் வழக்கம். ஆனால் பின்புறத்தில் எவரேனும் கைப்பட எழுதியிருக்கிறார்களா என்று புரட்டிப் பார்த்த பின்னரே நெருப்பிலிடுக.