கை படுமுன் வாய் திறக்க வேண்டும்

1998-ஆம் ஆண்டு இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்த் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறக்கப்பட்டது. கொரிய, ஜப்பானியப் பொறியாளர்களை நம்பி ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியில் விடுதிகள் எழுந்தன. அவற்றோடு ‘ஸ்பா’ என்னும் பெயர்ப்பலகைகளும் வந்து சேர்ந்தன. இன்று அங்குச் செல்வோர் அயல்நாட்டார் மட்டுமல்லர். எட்டு மணி நேரம் நின்று வேலை செய்து கால் கடுத்துத் திரும்பும் நம் வீட்டுப் பிள்ளைகளும், சம்பளம் வாங்கிய வாரத்தில், எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிட்டுக்கொள்ளவும் நீராவியில் அமரவும் செல்கின்றனர். இதில் குறை கூற ஒன்றுமில்லை. எண்ணெய் முழுக்கு நமக்குப் புதிதா என்ன?

ஆயினும் வேறுபாடு ஒன்று உண்டு. வீட்டில் எண்ணெய்க் கிண்ணத்தோடு அழைக்கும் பாட்டி, முதலில் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். காய்ச்சலென்றால் அன்று முழுக்கு இல்லை. நம் உடம்பின் வரலாறு முழுவதும் அவளுக்குத் தெரியும். கடையில் நம்மைத் தொடும் கைக்கோ நம்மைப்பற்றி ஒன்றுமே தெரியாது. சித்த மருத்துவத்தில் தொக்கணமும் வேதும், அதாவது பிடித்துவிடுதலும் ஆவி பிடித்தலும், புறமருத்துவ முறைகள் முப்பத்திரண்டனுள் அடங்குவன. நாடி, நா, விழி, நிறம் முதலிய எண்வகைத் தேர்வால் நோயாளியை அறிந்த பின்னரே சிகிச்சை என்பது அம்மருத்துவத்தின் நெறி. ஸ்பாவில் அத்தகைய சோதனை இல்லை. ஆகவே, கேளாவிடினும் நாமே சொல்லுதல் வேண்டும்.

எதைச் சொல்வது? முதலில் காலைப் பற்றி. நெடுநேரம் நிற்போர்க்குக் கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைப்பதுண்டு. அவ்விடத்தை அழுத்திப் பிடித்தல் ஆகாது. அதனினும் கொடியது ஆழத்து இரத்தக் குழாயில் உறையும் கட்டி. எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டவர், அறுவை சிகிச்சை முடிந்தவர், அண்மையில் பிள்ளை பெற்றவர் ஆகியோர்க்கு அது நேரும் வாய்ப்பு மிகுதி. ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாகி வலித்தால், அது வேலைக் களைப்பு என்று எண்ணிப் பிடித்துவிடச் சொல்லுதல் பேராபத்து. கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்து உயிரையே பறித்துவிடக்கூடும். அக்கால் காணவேண்டியது மருத்துவரையே.

அடுத்து வெப்பம். 2010 ஆகஸ்டில் பின்லாந்தின் ஹெய்னோலா நகரில் நடந்த உலக நீராவிக் குளியல் போட்டியில், 110 பாகை வெப்ப அறையில் அமர்ந்திருந்த ரஷ்யப் போட்டியாளர் தீக்காயமுற்று இறந்தார். அவர் வலி நீக்கும் மருந்து உட்கொண்டு, தோலை மரக்கச் செய்யும் களிம்பும் பூசியிருந்தது பின்னர்த் தெரியவந்தது. உடல் ‘போதும்’ என்று சொல்லியிருக்க வேண்டும். அதன் வாய் கட்டப்பட்டிருந்தது. நெடுநாள் சர்க்கரை நோயாளியின் பாதம், களிம்பு எதுவும் பூசாமலே அப்படி மரத்துப்போகிறது. வெந்நீர் சுட்டாலும் அவருக்குத் தெரியாது. இன்சுலின் போட்டுக்கொள்வோர்க்கு வெப்பத்தால் மருந்து விரைந்து இரத்தத்தில் கலந்து, சர்க்கரை திடீரெனக் குறையலாம். இரத்த அழுத்த மாத்திரை உண்போர் ஆவி அறையிலிருந்து எழும்போது தலைசுற்றி விழக்கூடும். மது அருந்தியவர் அங்குச் செல்லவே கூடாது.

நம் குடும்பங்களில் புதுமணப்பெண் கருவுற்றால் மூன்று மாதம்வரை வெளியே சொல்லுவதில்லை. வழக்கம் நல்லதே, ஆனால் மிகுந்த வெப்பம் கருவின் மூளைக்கும் தண்டுவடத்திற்கும் ஊறு செய்யக்கூடிய காலமும் அதே தொடக்க வாரங்கள்தாம்! ஊராருக்குச் சொல்ல வேண்டாம். பிடித்துவிடும் பெண்ணுக்குச் சொல்லலாம். சொல்ல மனமில்லையெனில் ஆவி அறையைத் தவிர்த்துவிடலாம்.

எண்ணெயும் சிலருக்கு ஒவ்வாது. நல்லெண்ணெயைத் தரும் எள்ளையே ஒவ்வாமை தரும் முக்கிய உணவுப் பொருள்களுள் ஒன்பதாவதாக அமெரிக்கா 2021-இல் சட்டத்தில் சேர்த்தது. எள்ளோ கடலையோ தின்று உடம்பு தடித்தவர் ‘என்ன எண்ணெய்?’ என்று முதலில் கேட்கட்டும். படர்தாமரை, சொறி உடையோர் அதை மறைத்துப் படுப்பது, கூலிக்கு உழைக்கும் அந்தப் பிள்ளைக்கு நாம் செய்யும் அநீதி.

வரவேற்பு மேசையில் பலர் கேட்க நோயை ஒப்புவிக்க வேண்டியதில்லை. தொடப்போகிறவரிடம் தனியே சொன்னாற் போதும். நோயின் முழுக் கதையும் தேவையில்லை: ‘இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்கிறேன்’ என்ற ஒரு வாக்கியமே அழுத்தத்தைத் தளர்த்தச் செய்யும். பணிபுரிவோர் வேற்று மாநிலத்தவராய்த் தமிழறியாதவராயின், மாத்திரை அட்டையை மேலாளரிடம் காட்டுங்கள். ‘அதெல்லாம் ஒன்றுமில்லை, படுங்கள்’ என்று பதில் வந்தால், செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். வண்டலூர் வழியாகத் தாம்பரம் சானடோரியம் சென்றால், 2005-இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அங்கே மருத்துவர் பார்த்த பிறகே எண்ணெய்.