ஒளியிழைக் கேபிளும் கேபிள் ட்ரேயும்: வளாக வலையமைப்புக்குத் தேர்ந்தெடுத்தல்

ஒளியிழைக் கேபிள் என்பது மின்சாரத்துக்குப் பதிலாக ஒளியைக் கொண்டு தகவலைக் கடத்தும் மெல்லிய கண்ணாடி இழைகள் அடங்கிய வடம் ஆகும். பேச்சு வழக்கில் இதை ஃபைபர் கேபிள் என்பர். கல்லூரி, மருத்துவமனை, தொழிற்சாலை போன்ற வளாகங்களில் ஒரு கட்டடத்தை மற்றொன்றுடன் இணைக்க இன்று பெரும்பாலும் இதுவே பயன்படுகிறது. அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஈதர்நெட்டுக்கான செப்புக் கேபிளின் எல்லை 100 மீட்டர்தான். அதோடு, இரு கட்டடங்களின் எர்த் இணைப்புகளுக்கு இடையே மின்னழுத்த வேறுபாடு ஏற்பட்டால், செப்பு அதை நேராகச் சுவிட்சுக்குள் கொண்டுவந்துவிடும். மின்னல் அடிக்கும் நாளில் ஒரே நேரத்தில் பல சுவிட்சுகள் எரிந்துபோவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது.

கேபிள் வாங்கச் செல்வோர் முதலில் கேட்கும் கேள்வி "எத்தனை கோர்?" என்பதே. அதற்கு முன் கேட்க வேண்டியது "எந்த வழியாகப் போகிறது?" என்பதாகும். ஏன் என்பதை ஒரு சிறு கணக்கு காட்டும்.

ஒளி எங்கே இழக்கப்படுகிறது?

நொடிக்கு 10 ஜிகாபிட் வேகத்தில் இயங்கும் எல்ஆர் வகை ஒளி மாட்யூல்கள், இரு முனைகளுக்கும் இடையே 6.2 டெசிபல் இழப்பு வரை தாங்கும்படி வரையறுக்கப்பட்டுள்ளன. ஒரு கல்லூரியின் கணினி மையத்திலிருந்து 800 மீட்டர் தள்ளி விடுதி இருப்பதாகக் கொள்வோம். கிலோமீட்டருக்கு 0.4 டெசிபல் என்று தாராளமாக வைத்தாலும் கண்ணாடியில் இழக்கப்படுவது 0.32 டெசிபல் மட்டுமே. இரு முனைகளிலும் உள்ள கனெக்டர் இணைப்புகளுக்குத் தலா 0.5 வைத்தால் 1 டெசிபல். இழைகளை உருக்கி ஒட்டிய நான்கு இடங்களுக்குத் தலா 0.1 வைத்தால் 0.4. மொத்தம் 1.72 டெசிபல். இதில் கண்ணாடியின் பங்கு ஐந்தில் ஒன்றுகூட இல்லை.

மீதமுள்ள 4.48 டெசிபல் பெரிய கையிருப்பு போலத் தோன்றும். ஆனால் அழுக்கான ஒரு கனெக்டரும், கதவிடுக்கில் நசுங்கிய ஒரு பேட்ச் கார்டும், ட்ரேயின் மூலையில் கூர்மையாக மடிந்த ஒரு வளைவும் சேர்ந்தால் அது கரைந்துவிடும். வளாக வலையமைப்பில் தொலைவு எதிரி அல்ல. வளைவு, இழுப்பு, நீர், எலி, தூசி ஆகியவையே எதிரிகள். கேபிள் உறை, குழாய், ட்ரே எல்லாமே இவற்றைத் தடுக்கத்தான்.

இழை வகை

ஒற்றைமுறை இழை, அதாவது சிங்கிள் மோட், ஏறத்தாழ 9 மைக்ரான் அகலமுள்ள உள்ளகத்தைக் கொண்டது. பன்முறை இழையான மல்டி மோடில் இது இப்போது பெரும்பாலும் 50 மைக்ரான். இரண்டிலும் கண்ணாடியின் வெளி விட்டம் 125 மைக்ரான்தான். கேபிள் உறையின் நிறம் வேறுபடும்: உட்புறக் கேபிள்களில் ஒற்றைமுறை மஞ்சள், பழைய பன்முறை வகைகள் ஆரஞ்சு, ஓஎம்3 மற்றும் ஓஎம்4 நீலப்பச்சை. ஓஎம்4 ஊதா நிறத்திலும் வருவதுண்டு.

பன்முறை இழையில் வேகம் கூடக் கூடத் தொலைவு சுருங்கும். ஓஎம்3 இழையில் 10 ஜிகாபிட் 300 மீட்டர் வரை செல்லும். 100 ஜிகாபிட்டுக்கான எஸ்ஆர்4 முறையில் அதே இழை 70 மீட்டரோடு நின்றுவிடும். ஓஎம்4 என்றால் 100 மீட்டர். ஒற்றைமுறை இழைக்கு இந்தச் சிக்கல் இல்லை. இன்று 1 ஜிகாபிட்டுக்குப் போட்ட இழையிலேயே நாளை மாட்யூலை மட்டும் மாற்றி 100 ஜிகாபிட் ஓட்டலாம். எனவே கட்டடங்களுக்கு இடையே ஒற்றைமுறையே போட வேண்டும். பன்முறையை ஒரே அறைக்குள் ராக்குகளை இணைப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கோர் எண்ணிக்கையிலும் கஞ்சத்தனம் கூடாது. பள்ளம் தோண்டும் செலவோடு ஒப்பிட்டால் 12 கோருக்கும் 24 கோருக்கும் உள்ள விலை வேறுபாடு சிறியது.

ஒற்றைமுறையிலும் உட்பிரிவுகள் உண்டு. வழக்கமான ஜி.652.டி இழை 30 மி.மீ. ஆரமுள்ள வளைவு வரை தாங்குமாறு வரையறுக்கப்பட்டது. ஜி.657.ஏ1 10 மி.மீ. வரையும், ஏ2 7.5 மி.மீ. வரையும் தாங்கும். வீட்டுக்குள், சுவர் மூலைகளில், ராக்கின் உள்ளே ஏ2 மிகவும் உதவும். இதை வைத்து முழுக் கேபிளையும் அப்படியே மடக்கலாம் என்று எண்ணிவிடக் கூடாது. இந்த அளவு தனி இழைக்கு உரியது. கேபிளுக்கான பொது விதி, இழுக்கும்போது அதன் விட்டத்தைப் போல் 20 மடங்கு ஆரம், பொருத்திய பின் 10 மடங்கு. 12 மி.மீ. தடிமனுள்ள கேபிள் என்றால் முறையே 240 மி.மீ., 120 மி.மீ.

உறையும் கவசமும்

மண்ணிலும் வெயிலிலும் போகும் கேபிளுக்குக் கறுப்பு பாலிஎத்திலீன் உறை வேண்டும். அதில் கலந்த கரித்தூள் புற ஊதாக் கதிரைத் தாங்கும். உள்ளே இழைகள் குழாய்களில் தளர்வாகக் கிடக்கும். நீர் புகாதபடி ஜெல்லோ, நீர் பட்டால் உப்பும் நூலோ இருக்கும். எலி, அணில் தொல்லை உள்ள இடத்தில் நெளிவுள்ள எஃகுத் தகடு சுற்றிய கவசக் கேபிள் பயன்படுகிறது. எலிக்குக் கண்ணாடி மீது ஆசை எதுவும் இல்லை. வளர்ந்துகொண்டே இருக்கும் பல்லைத் தேய்க்க அதற்கு ஏதாவது வேண்டும், அவ்வளவுதான். எஃகுக் கவசம் வந்தால் செப்பின் பழைய ஆபத்தும் கூடவே திரும்பி வருகிறது. கண்ணாடி கடத்தாவிட்டாலும் கவசம் கடத்தும். ஆகவே கட்டடத்தில் நுழையும் இடத்திலேயே கவசத்தை எர்த்துடன் இணைக்க வேண்டும். இதைச் செய்ய வழியில்லாத இடங்களுக்கு, எஃகுக்குப் பதில் கண்ணாடி நூலால் காக்கப்பட்ட, உலோகமே இல்லாத கேபிள் பொருத்தமானது.

வெளிப்புறக் கேபிளை அப்படியே கட்டடத்துக்குள் நீளமாக இழுத்துச் செல்வது பரவலாக நடப்பது, அது ஆபத்தானது. பாலிஎத்திலீன் எளிதில் தீப்பற்றும். அமெரிக்க மின் விதிகள் இத்தகைய கேபிளுக்குக் கட்டடத்துக்குள் 50 அடி, அதாவது சுமார் 15 மீட்டர் மட்டுமே அனுமதிக்கின்றன. பிவிசி உறை எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். அது மூச்சையும் கெடுக்கும், கருவிகளையும் அரிக்கும். விடுதி, மருத்துவமனை போன்ற இடங்களில் குறைந்த புகையும் ஹாலோஜன் அற்றதுமான எல்எஸ்இசட்ஹெச் உறையைக் கேட்டு வாங்க வேண்டும்.

மண்ணுக்கடியில் போகும்போது கேபிளை ஹெச்டிபிஇ குழாய்க்குள் விடுவதே முறை. கூடவே ஒரு காலிக் குழாயையும் போட்டு, அதற்குள் கயிறு ஒன்றை விட்டுவைத்தால் அடுத்த முறை தோண்ட வேண்டியிருக்காது. இழுக்கும்போது உறையைப் பிடித்து இழுக்காமல், உள்ளே உள்ள அராமிட் நூலையோ வலுக்கம்பியையோ கட்டி இழுக்க வேண்டும்.

கேபிள் ட்ரே

ட்ரே என்பது கூரைக்கடியிலோ சுவரிலோ கேபிள்களைத் தாங்கிச் செல்லும் உலோக அல்லது நெகிழித் தட்டு. ஏணி வகை, துளையிட்ட தகடு வகை, கம்பி வலை வகை ஆகியவை பரவலானவை. ஏணி ட்ரே தடித்த மின் கேபிளுக்கு ஏற்றது. மெல்லிய ஃபைபர் கேபிளை அதில் போட்டால் படிகளுக்கு இடையே தொய்ந்து, படியின் விளிம்பில் அழுந்தும். அந்த அழுத்தம் கண்ணுக்குத் தெரியாத நுண்வளைவுகளை உண்டாக்கி ஒளியைக் கசியவிடும். ஃபைபருக்குத் துளையிட்ட தகடு நல்லது. கம்பி வலையும் பயன்படும், ஆனால் அதன் மேல் செப்புக் கேபிள் கட்டுகளை அடுக்கக் கூடாது. சர்வர் அறைகளில் ராக்குகளுக்கு மேல் காணப்படும் மஞ்சள் நெகிழி ஓடை ஃபைபருக்கென்றே ஆனது. வளைவும் இறக்கமும் அதில் முன்பே உருட்டி அமைக்கப்பட்டிருக்கும்.

மின் கேபிளின் மின்காந்த இரைச்சல் ஃபைபரைப் பாதிக்காது என்பது உண்மை. அதனால் இரண்டையும் ஒரே ட்ரேயில் போடலாம் என்று சிலர் வாதிடுவர். சிக்கல் இரைச்சலில் இல்லை. எடையிலும், பின்னாளில் மின் கேபிளை மாற்ற வருபவர் இழுக்கும் இழுப்பிலும் இருக்கிறது. தனி ட்ரே, குறைந்தது நடுவே ஒரு தடுப்பு வேண்டும்.

அளவைப் பொறுத்தவரை, தொடக்கத்தில் 25 விழுக்காடு நிரப்பும்படி திட்டமிட்டு, எக்காலத்திலும் 50 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது வழக்கமான வரையறை. 150 மி.மீ. அகலமும் 50 மி.மீ. ஆழமும் கொண்ட ட்ரேயின் குறுக்குப் பரப்பு 7,500 சதுர மி.மீ. விட்டம் 6 மி.மீ. உள்ள கேபிளின் பரப்பு சுமார் 28. அப்படியானால் தொடக்கத்தில் 66 கேபிள்கள். 132 கேபிள்கள் போட்டதுமே ட்ரே நிரம்பி வழிவது போல் தெரியும். உருண்டையான கேபிள்கள் ஒன்றின் மேல் ஒன்று ஒழுங்கின்றிக் கிடப்பதால் இடைவெளிகளே பாதி இடத்தை எடுத்துக்கொள்கின்றன.

உள்ளறைக்கு முன்பே துத்தநாகம் பூசிய தகட்டில் செய்த ட்ரே போதும். மழை படும் இடத்துக்குச் செய்து முடித்த பின் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த ட்ரே வேண்டும். உப்புக்காற்று வீசும் கடற்கரைப் பகுதிகளில் 316 வகைத் துருப்பிடிக்காத எஃகோ, எஃப்ஆர்பியோ நீடிக்கும். எஃப்ஆர்பி துருப்பிடிக்காது, ஆனால் எர்த் தொடர்ச்சியும் தராது. ட்ரேயை வெட்டிய இடத்தில் விளிம்பை அராவித் துத்தநாக வண்ணம் பூச வேண்டும். அராவாத விளிம்பு கத்தி போன்றது. கேபிள்களைக் கட்ட நைலான் டையை இறுக்குவதைவிட வெல்க்ரோ பட்டை சிறந்தது. ட்ரே சுவரைத் துளைத்துச் செல்லும் இடத்தைத் தீத்தடுப்புப் பூச்சால் அடைக்காவிட்டால், ஓர் அறையின் தீயும் புகையும் அந்த ஓட்டை வழியே அடுத்த அறைக்குப் போகும்.

முனைகளும் சோதனையும்

கேபிள் முடியும் இடத்தில் எல்ஐயு பெட்டி வைத்து, அதற்குள் இழைகளைப் பிக்டெயிலுடன் உருக்கி ஒட்டுவர். ஒற்றைமுறைக் கனெக்டர்களில் நீலம் யுபிசி, பச்சை ஏபிசி. ஏபிசியின் முகம் 8 பாகை சாய்வாகச் சீவப்பட்டது. நீலத்தைப் பச்சையில் செருகினால் முகங்கள் சரியாகப் பொருந்தாமல் இழப்பு கூடும், முகமும் கீறப்படலாம். 9 மைக்ரான் உள்ளகத்தை மறைக்க ஒரு தூசித் துணுக்கே போதும் என்பதால், புதிய பேட்ச் கார்டாக இருந்தாலும் செருகும் முன் துடைக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் ஒவ்வோர் இழையையும் ஓடிடிஆர் கருவியால் 1310, 1550 நானோமீட்டர் என இரு அலைநீளங்களிலும் சோதித்துப் பதிவைக் கேட்டு வாங்க வேண்டும். நல்ல இழையில் 1550இல் இழப்பு குறைவாக இருக்கும். ஏதாவது ஓர் இடத்தில் மட்டும் 1310ஐவிட 1550இல் அதிகமாகக் காட்டினால், அங்கே கேபிள் மடங்கியோ நசுங்கியோ கிடக்கிறது என்று பொருள். எத்தனையாவது மீட்டரில் என்பதையும் கருவி காட்டிவிடும். ட்ரேயைத் திறந்து அந்த வளைவைத் தளர்த்த, ஒப்பந்ததாரர் இன்னும் வளாகத்தில் இருக்கும் நாளே ஏற்ற நாள்.