ஜீப்பைச் சுரண்டும் முன் ஆர்.சி.யை எடுங்கள்

கம்பம், கூடலூர், போடி பக்கம் வீட்டு வாசலில் பழைய ஜீப்பை நிறுத்தி, பெயின்ட்டைத் தாங்களே சுரண்டிப் புதுசாக்குவது இப்போது அதிகமாகிவிட்டது. கமாண்டர், மேஜர், எம்.எம். 540 என்று ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் பல வருடம் மலையேறி இறங்கிய வண்டிகள். ஒரு தலைமுறையே அதில் தொற்றிக்கொண்டு வேலைக்குப் போனது. அதைக் காயலான் கடைக்கு அனுப்ப மனம் வராது, நியாயம்தான். வேலையைத் தொடங்கும் விதத்தில்தான் தப்பு நடக்கிறது.

திரும்பத் திரும்பப் பார்க்கிற கதை இது. குமுளிப் பக்கம் ஒரு ஜீப்பை வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிக் கீழே கொண்டுவருகிறார்கள். கிரைண்டரில் கம்பி பிரஷ்ஷை மாட்டி, ஃபிரேம் பளபளவென்று தெரியும்வரை தேய்க்கிறார்கள். பள்ளம் தெரிந்த இடமெல்லாம் பட்டி பார்த்து, கடைசியில் ஆசைப்பட்ட மிலிட்டரி பச்சையை அடிக்கிறார்கள். பதிவைப் புதுப்பிக்க வண்டி போகும் நாளில் ஆய்வாளர் சேஸிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்க்கிறார். எண் அழுத்தமாக இருந்தால் ஒவ்வொரு இலக்கமும் வெள்ளையாக மேலே வரும். இங்கே தாள் முழுக்கக் கரி, நடுவில் பாதி எட்டு, கால் மூன்று. அதோடு அந்த வண்டியின் கதை நின்றுபோகிறது.

எனவே முதல் வேலை எமரித் தாள் அல்ல. சேஸிஸ் எண் எங்கே பொறித்திருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். மாடலுக்கு மாடல் இடம் மாறும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியாலும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷாலும் மட்டும் அந்த இடத்தைத் துடையுங்கள். பென்சில் பதிவு எடுங்கள், தெளிவாகப் போட்டோ எடுங்கள், ஆர்.சி.யில் இருக்கும் எண்ணோடு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடுங்கள். இன்ஜின் எண்ணுக்கும் இதையே செய்யுங்கள். பிறகு கிரீஸ் தடவி, மேலே இரண்டு சுற்று மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். கிரைண்டர் அந்தப் பக்கமே போகக் கூடாது. பட்டியும் போகக் கூடாது.

எண் ஏற்கெனவே துருவில் கரைந்திருந்தால் அங்கேயே வேலையை நிறுத்துங்கள். பட்டறைக்காரர் "நான் பஞ்ச் பண்ணித் தர்றேன்" என்பார். சம்மதிக்காதீர்கள். அதிகாரியின் அனுமதி இல்லாமல் எண்ணைப் பொறித்தால் வண்டி திருட்டு வண்டி என்ற சந்தேகத்துக்குள் போய்விடும், கூடவே நீங்களும். எடுத்த போட்டோவோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் மனுக் கொடுத்து, அவர்கள் சொல்லும் வழியில் மட்டும் போங்கள்.

அடுத்தது நிறம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் விதி 121 பாதுகாப்புத் துறை வண்டிகளைத் தவிர வேறு எந்த வண்டிக்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது என்கிறது. "ஊரில் எத்தனையோ வண்டி ஓடுதே" என்பது பதில் ஆகாது. பிடிபடாத வண்டியைக் காட்டி, பிடிபட்ட வண்டியை மீட்க முடியாது.

வேறு நிறமாக இருந்தாலும் சும்மா மாற்றிவிட முடியாது. பதிவு விண்ணப்பமான படிவம் 20-லும் ஆர்.சி.யிலும் நிறத்துக்கென்று தனி இடம் இருக்கிறது. வண்டி ஒரு நிறம், ஆர்.சி. ஒரு நிறம் என்றால் சோதனைச் சாவடியில் மட்டுமல்ல, விபத்துக்குப் பிறகு காப்பீடு கேட்கும்போதும் சிக்கல் வரும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் பிரிவு 52, மாற்றம் செய்த 14 நாளுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. நான் சொல்வது, அடிப்பதற்கு முன்பே எழுதிக் கேளுங்கள், அடித்து முடித்ததும் 14 நாளுக்குள் வண்டியைக் காட்டி ஆர்.சி.யில் ஏற்றுங்கள். பழைய நிறத்தையே அடிக்கிறவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

உடலமைப்பில் கைவைக்கிறவர்களுக்கு இன்னும் கடுமை. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பிரிவு 182ஏ-இன்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மட்கார்டை வெட்டி அகல டயர் மாட்டுகிற இளைஞர்கள் இதை வாசித்துவிட்டு வெட்டட்டும்.

இனி அலுவலகம். தேனி மாவட்டத்துக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் தேனியில், பதிவு எண் டி.என். 60. பள்ளத்தாக்குக்காரர்களுக்கு உத்தமபாளையத்தில் பகுதி அலுவலகம் இருக்கிறது. எது உங்கள் எல்லை என்பதை உங்கள் முகவரிதான் முடிவு செய்யும், வண்டி வாங்கிய ஊர் அல்ல.

கேரள வண்டி என்றால் கூடுதல் கவனம் வேண்டும். கே.எல். 6 இடுக்கி, 37 வண்டிப்பெரியாறு, 69 உடும்பன்சோலை. எந்த அலுவலகத்தில் பதிவோ அங்கிருந்து படிவம் 28-இல் தடையின்மைச் சான்று வாங்காமல் இங்கே எதுவும் நகராது. அதை விற்றவர் கையெழுத்தோடு வாங்க வேண்டும். பணம் கைமாறிய பிறகு அவரைத் தேடிப் பாம்பாடும்பாறைக்கும் நெடுங்கண்டத்துக்கும் அலைகிறவர்கள் நிறைய. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. இங்கே புதிய எண் வாங்கப் படிவம் 27, கூடவே தமிழ்நாட்டுச் சாலை வரி. ஆர்.சி.யில் பழைய கடன் பதிவு நிற்கிறதா என்று பாருங்கள். கடன் கட்டிப் பல வருடம் ஆகியிருக்கும், ஆனால் படிவம் 35-இல் நிதி நிறுவனம் கையெழுத்திட்டு ரத்து செய்யாதவரை அந்தக் கடன் தாளில் உயிரோடுதான் இருக்கும்.

சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 ஆண்டு. பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம், அதற்குப் படிவம் 25. காலம் முடிவதற்கு 60 நாள் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். 20 ஆண்டு தாண்டிய கார், ஜீப்புக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்டிலிருந்து 10,000 ரூபாய். பசுமை வரி தனி. பெயின்ட்டுக்கும் தகரத்துக்கும் கணக்குப் போடுகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 50 ஆண்டு கடந்த வண்டி என்றால் 2021-இல் வந்த பழம்பெரும் வாகன விதியில் தனிப் பதிவு கிடைக்கும். ஆனால் அந்தப் பதிவோடு தோட்டத்துக்கு ஆள் ஏற்ற முடியாது, தினசரி ஓட்டவும் முடியாது.

அலுவலகத்தில் "தரகரைப் பாருங்க" என்று கைகாட்டும் ஊழியர்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்தப் படிவம், என்ன கட்டணம் என்று சுவரில் ஒரு பலகை மாட்டினால் பாதிப் பேர் அலைய வேண்டியிருக்காது. அதைச் செய்யாமல் மக்களைக் குறை சொல்வது நியாயமில்லை. நீங்கள் பரிவாகன் தளத்தில் விண்ணப்பித்து, கட்டண ரசீதோடு போங்கள். திருப்பி அனுப்பினால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். முதல்வர் உதவி மையம் 1100-லும் புகார் பதியலாம்.

தாள் வேலை முடிந்ததா? இப்போது தகரத்துக்கு வருவோம். இங்கே ஆபத்து நுரையீரலுக்கு.

பழைய பெயின்ட்டின் அடி அடுக்குகளில், குறிப்பாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பில், ஈயம் இருக்கலாம். பெயின்ட்டில் ஈயத்தை 90 பி.பி.எம். அளவுக்குக் கட்டுப்படுத்தும் 2016-ஆம் ஆண்டு விதி வீட்டுப் பெயின்ட்டுக்கும் அலங்காரப் பெயின்ட்டுக்கும்தான், வண்டிப் பெயின்ட்டுக்கு அல்ல. காய்ந்த நிலையில் கிரைண்டர் வைத்தால் அந்தத் தூள் வாசல் திண்ணையில், காயப்போட்ட துணியில், தவழும் குழந்தையின் கையில் போய் உட்காரும். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைத்தான் முதலில் கெடுக்கும். அதனால் பழைய பெயின்ட்டை வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டே தேய்க்க வேண்டும். துடைப்பம் போட்டுக் கூட்டாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள். வேலை உடையோடு பிள்ளையைத் தூக்காதீர்கள்.

பட்டிக்கு இது நேர் எதிர். பட்டி தண்ணீரை உறிஞ்சி உள்ளே வைத்துக்கொள்ளும், ஆறு மாதத்தில் பெயின்ட்டுக்கு அடியில் கொப்புளம் கிளம்பும். ஆகவே பட்டியைக் காய்ந்த நிலையில் தேயுங்கள், மூக்கில் என்-95 முகமூடி போட்டுக்கொண்டு. துருவின் மேல் பட்டி வைக்காதீர்கள், மூன்று மில்லிமீட்டருக்கு மேல் ஏற்றாதீர்கள். ஓட்டை விழுந்த தகரத்தை வெட்டிப் புதுத் துண்டு வெல்டிங் செய்வதுதான் வேலை. வெல்டிங்குக்கு முன் பெட்ரோல் டேங்கைக் கழற்றி வெளியே வையுங்கள், பேட்டரி வயரையும் கழற்றுங்கள்.

தேய்த்துப் பளபளக்கும் தகரத்தை ராத்திரி அப்படியே விட்டுப் போகாதீர்கள். கம்பம் பள்ளத்தாக்கின் ஈரக் காற்றில் காலையில் அது காவி பூத்துக் கிடக்கும். அன்றன்றைக்குத் தேய்த்ததை அன்றன்றைக்கே எபாக்சி பிரைமர் அடித்து மூடுங்கள். ஆனி, ஆடிக் காற்றில் வெட்டவெளியில் அடித்தால் மண்ணும் சேர்ந்து ஒட்டும், அந்த இரண்டு மாதமும் வேண்டாம்.

கடைசி அடுக்கை மட்டும் வீட்டில் அடிக்காதீர்கள். ஹார்டனர் கலக்கும் பி.யூ. பெயின்ட்டில் ஐசோசயனேட் இருக்கிறது. கைக்குட்டை அதைத் தடுக்காது, என்-95 தடுக்காது. வாசனை வைத்து அளவைக் கண்டுபிடிக்கவும் முடியாது. ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை ஆகிவிட்டால் பிறகு துளி பட்டாலும் இழுப்பு வரும், வாழ்நாள் முழுக்க. வெளியிலிருந்து காற்றுக் குழாய் வைத்த முகமூடியும் புகைபோக்கும் அறையும் உள்ள பட்டறையில் கொடுங்கள். அடித்த அன்று இரவு நெஞ்சை அடைத்தால் ஆவி பிடித்துக்கொண்டு உட்காராமல் 108-ஐ அழையுங்கள். கானாவிலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனாலும், கம்பம் அரசு மருத்துவமனைக்குப் போனாலும், ஹார்டனர் டப்பாவைக் கையோடு எடுத்துப் போய் மருத்துவரிடம் காட்டுங்கள். தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து அடுப்படிக்குப் போகும். அடுப்பு எரியும் வீட்டில் தின்னர் டப்பாவைத் திறக்கவே கூடாது.

சுரண்டிய சேற்றுத் தண்ணீரை வாய்க்காலில் ஊற்றுகிறவர்களைப் பார்க்கும்போது கோபம் வருகிறது. அது முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர். கீழே வீரபாண்டி வரை அதில்தான் குளிக்கிறார்கள், வயலுக்கும் அதுதான் பாய்கிறது. தொட்டியில் ஊற்றித் தெளியவிட்டு, அடியில் தங்கும் சேற்றைக் காயவைத்து மூட்டை கட்டுங்கள். திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016 காலிப் பெயின்ட் டப்பாக்களை வீட்டு அபாயக் கழிவு என்றே வகைப்படுத்தியது. நகராட்சி வண்டியில் குப்பையோடு கலக்காமல் தனியாகக் கொடுங்கள், வாங்க மறுத்தால் சுகாதார ஆய்வாளருக்கு எழுதுங்கள்.

பெயின்ட், தின்னர், ஹார்டனர் மூன்றுக்கும் ரசீது வாங்குங்கள். கலப்படத் தின்னரால் பெயின்ட் உரிந்தால் தேனி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. புகாருக்கு முன் 1915-ஐ அழைத்துப் பாருங்கள். ஆனால் ரசீது இல்லாவிட்டால் அங்கே சொல்ல ஒன்றும் இருக்காது.

வண்டி பட்டறையிலிருந்து வந்ததும் சேஸிஸ் எண்ணின் மேல் ஒட்டிய டேப்பைப் பிரித்து, கிரீஸைத் துடைத்து, மறுபடியும் ஒரு பென்சில் பதிவு எடுத்து முதலில் எடுத்ததோடு வைத்துப் பாருங்கள். பெயின்டர் அவசரத்தில் டேப்பைக் கழற்றிவிட்டு அடித்திருந்தால், ஆய்வாளர் முன் போய் நிற்பதற்குள் அதைத் தின்னர் துணியால் துடைக்க ஒரு நாள் கிடைக்கும்.