டேட்டா சென்டர் வந்தால் நம் மின்கட்டணம் ஏறுமா? பெர்மாஸ் ஜெயா பேச்சும் கணக்கும்

பெர்மாஸ் ஜெயா: கடைவீதியில் காலையில் ரொட்டி சானாய் சாப்பிட உட்காரும் எந்த மேசையிலும் இப்போது இரண்டு கட்சிகள் உண்டு. ஜொகூருக்குத் தரவு மையங்கள் வருவது பிள்ளைகளின் எதிர்காலம் என்கிறது ஒன்று. கரண்டையும் தண்ணீரையும் நம்மிடமிருந்து பிடுங்கப் போகிறார்கள் என்கிறது மற்றொன்று. பில் கட்டும் தேதி நெருங்கினால் இரண்டாம் கட்சிக்கு ஆள் கூடிவிடும்.

இரண்டு பக்கமும் பேசுவதில் உண்மை இருக்கிறது. இரண்டு பக்கமும் தவறாகச் சொல்வதும் இருக்கிறது.

முதலில், இவை ஏன் ஜொகூருக்கு வருகின்றன? பெர்மாஸ் ஜெயாவுக்குப் பக்கத்தில் செனிபோங் கரையில் நின்றால் எதிரே தெரிவது சிங்கப்பூரின் செம்பாவாங். பதில் அங்கேதான் இருக்கிறது. மின்சாரமும் நிலமும் போதாமல் சிங்கப்பூர் 2019-இல் புதிய தரவு மையங்களுக்கு அனுமதி தருவதை நிறுத்தியது. 2022-இல் மறுபடி கதவைத் திறந்தபோதும் பாதிதான் திறந்தது. ஆனால் வங்கிகளும் இணைய நிறுவனங்களும் அங்கேயேதான் இருந்தன. அவர்களுக்குப் பக்கத்தில், மலிவான நிலத்துடன், கம்பிவழித் தொடர்புக்கு எட்டும் தூரத்தில் இருந்த இடம் ஜொகூர். பிறகு செயற்கை நுண்ணறிவு அலை வந்து, தேவை பல மடங்கானது. 2025 ஜனவரி 7-ஆம் தேதி ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த மண்டலத்தில் பாசிர் கூடாங்கும் அடக்கம்.

தரவு மையம் என்பது உள்ளே போய்ப் பார்த்தால் பெரிய குளிர்சாதனக் கிடங்குதான். வரிசை வரிசையாகக் கணினிகள் இரவு பகல் ஓடிக்கொண்டிருக்கும். அவை உண்ணும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் சூடாக மாறுகிறது. அந்தச் சூட்டை வெளியேற்றக் குளிர்விப்பு வேண்டும். அதற்கு இன்னும் மின்சாரம். குளிர்விப்புக் கோபுரம் வைத்த மையமாக இருந்தால், நீரை ஆவியாக்கிச் சூட்டைத் தணிக்கும். ஆவியான நீர் திரும்பி வராது. தண்ணீர்ச் சண்டையின் மூலம் இதுதான்.

எவ்வளவு மின்சாரம்? 100 மெகாவாட் மையம் ஒன்று முழு அளவில் ஓடினால் 30 நாளில் 72 மில்லியன் யூனிட் செலவாகும். மாதம் 400 யூனிட் பயன்படுத்தும் வீடுகளாகக் கணக்கிட்டால் அது 180,000 வீடுகள். ஜொகூரில் திட்டமிடப்படுபவை ஒன்றிரண்டு அல்ல என்பதை நினைத்தால் காலை மேசைக் கவலையை வெறும் பீதி என்று தள்ள முடியாது.

ஆனால் அந்த 180,000 வீடுகளின் கரண்டை நிறுத்தித்தான் அதற்குக் கொடுக்கிறார்கள் என்று பொருள் அல்ல. பாசிர் கூடாங்கிலேயே 1,440 மெகாவாட் எரிவாயு மின் நிலையம் 2021 முதல் இயங்குகிறது. பொந்தியான் பக்கம் தஞ்சோங் பின்னில் நிலக்கரி நிலையங்கள் இருக்கின்றன. தீபகற்பம் முழுவதும் ஒரே மின்கட்டமைப்பு என்பதால், கூலாய் மையத்துக்கு ஓடும் கரண்ட் எந்த நிலையத்தில் பிறந்தது என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. கேள்வி கரண்ட் வருமா என்பதல்ல. என்ன விலைக்கு வரும், அந்த விலையை யார் கொடுப்பார்கள் என்பதே.

இங்கேதான் பேச்சு தடம் மாறுகிறது. கடந்த ஆண்டு ஜூலையில் மின்கட்டண முறை மாறியதும், தரவு மையங்களுக்காக நம் கட்டணத்தை ஏற்றிவிட்டார்கள் என்று வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. 2025 ஜூலை 1 முதல் தீபகற்பத்தின் சராசரி அடிப்படைக் கட்டணம் யூனிட்டுக்கு 39.95 சென்னிலிருந்து 45.40 சென்னாக உயர்ந்தது உண்மை. ஆனால் சராசரி என்பது தொழிற்சாலை, கடை, வீடு எல்லாவற்றையும் சேர்த்த கணக்கு. வீட்டு பில்லை வரி வரியாகப் பார்த்தால் வேறு கதை தெரியும்.

புதிய முறையில் மாதம் 1,500 யூனிட் வரை பயன்படுத்தும் வீட்டுக்கு எரிசக்தி 27.03 சென், கொள்திறன் 4.55 சென், கட்டமைப்பு 12.85 சென், மொத்தம் 44.43 சென். இதிலிருந்து, குறைவாகப் பயன்படுத்துவோருக்குச் சலுகை கழிக்கப்படும். 300 யூனிட் ஓடிய வீட்டுக்குக் கழிவு யூனிட்டுக்கு 22.5 சென். ஆக 65 வெள்ளி 79 சென். பழைய முறையில் அதே வீடு 77 வெள்ளி கட்டியது. குறைந்துதான் இருக்கிறது.

600 யூனிட் வீட்டுக்கு இப்போது 212 வெள்ளி 58 சென். பழைய கணக்கில் 231 வெள்ளி 80 சென். இதுவும் குறைவுதான்.

ஒரே ஒரு யூனிட் கூட ஓடினால்? 601-இல் சலுகை 9 சென்னிலிருந்து 7.5 சென்னாக இறங்கும். அந்தக் குறைவு கடைசி யூனிட்டுக்கு மட்டுமல்ல, 601-க்கும். கூடவே, 600 வரை தள்ளுபடி செய்யப்பட்டிருந்த 10 வெள்ளி சில்லறைக் கட்டணம் வந்து சேரும். மொத்தம் 231 வெள்ளி 95 சென். ஒரு யூனிட்டுக்கு 19 வெள்ளிக்கு மேல். இதற்கு மேல், எரிபொருள் விலைக்கேற்ப மாதாமாதம் மாறும் சரிக்கட்டல் தொகையும் (பில்லில் 'ஏ.எஃப்.ஏ.' என்று இருக்கும்), 600-ஐத் தாண்டிய பகுதிக்குச் சேவை வரியும் உண்டு. ஏ.எஃப்.ஏ. சில மாதங்களில் கழிவாகவும் வரலாம்.

தாத்தா, பாட்டி, மகன், மருமகள், பிள்ளைகள் என்று ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து, மூன்று அறையிலும் ஏர்கோன் ஓடும் இணைவீட்டுக்கு இந்த 600 கோடு கொடுமையானது. தனித்தனி மீட்டரில் இரண்டு சின்னக் குடும்பங்களாக இருந்தால் சலுகை கிடைக்கும். கூட்டுக் குடும்பமாக இருந்தால் போகும். தீபாவளிக்கு உறவுகள் வந்து தங்கும் மாதத்திலும் கோட்டைத் தாண்டுவது எளிது. பில் திடீரென எகிறியதாகப் புலம்பும் பலருக்கு நடந்தது இதுவாகவே இருக்கலாம். அதற்குக் கூலாயில் உள்ள கணினியைக் குறை சொல்லிப் பயனில்லை. குடும்ப உறுப்பினர் எண்ணிக்கையைப் பார்க்காமல் மீட்டரை மட்டும் பார்க்கும் கணக்கு நியாயமா என்று கேட்டால், அந்தக் கேள்விக்குப் பயன் உண்டு.

சிங்கப்பூரில் இரவு ஷிப்ட் முடித்து வருவோருக்கு ஒரு சின்னச் செய்தி. நேரவாரிக் கட்டணத்துக்கு விண்ணப்பித்து மாறினால், திங்கள் முதல் வெள்ளி வரை பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரைதான் உச்ச நேரம். மற்ற நேரமும் வார இறுதியும் எரிசக்திக் கட்டணம் 24.43 சென், உச்ச நேரத்தில் 28.52 சென். காலையில் வந்து ஏர்கோன் போட்டுத் தூங்குபவருக்கு இலாபம். ஆனால் 500 யூனிட்டில் 350 மலிவு நேரத்தில் ஓடினாலும் மிச்சமாவது ஏழு வெள்ளிக்கும் குறைவு. பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

தரவு மையங்கள் என்ன கட்டுகின்றன? அதே 2025 மாற்றத்தில் 'அதி உயர் மின்னழுத்தம்' என்று பெரும் பயனீட்டாளர்களுக்கான புதிய பிரிவு வந்தது. பெரிய தரவு மையங்களைக் கருதி வந்த பிரிவு அது. அவர்களுக்கு வீட்டுச் சலுகை எதுவும் இல்லை. ஆக, இன்றைய நிலையில் அவர்களுக்காக நாம் கட்டுகிறோம் என்பது சரியல்ல. நாளைக்கும் அப்படியே இருக்குமா என்பது வேறு. இத்தனை மையங்களுக்காக நிலையங்களும் கம்பிகளும் கட்டிய பிறகு, எதிர்பார்த்த அளவு அவை மின்சாரம் எடுக்காவிட்டால் அந்தச் செலவு எல்லோர் தலையிலும் பகிரப்படும் ஆபத்து உண்டு. எரிவாயுவின் தேவை கூடி விலை ஏறினால், 600-ஐத் தாண்டிய வீடுகளுக்கு அது ஏ.எஃப்.ஏ. வழியாக வந்து சேரும். இப்போதைய அடிப்படைக் கட்டணம் 2025 முதல் 2027 வரைக்குமானது. அதற்கடுத்த மூன்றாண்டுக் கணக்கு போடப்படும்போது கேட்க வேண்டிய கேள்வி இது.

தண்ணீர் விவகாரம் இதைவிட அவசரமானது. ஜொகூர், சிலாங்கூர், நெகிரி செம்பிலான் மூன்று மாநிலங்களிலும் தரவு மையங்கள் கேட்ட நீர் நாளுக்கு 808 மில்லியன் லிட்டர். நீர் நிறுவனங்களால் கொடுக்க முடிந்தது 142 மில்லியன் லிட்டர். இதைச் சொன்னது தேசிய நீர்ச் சேவை ஆணையம், ஸ்பான். 2025 நவம்பரில் ஜொகூர் ஆட்சிக்குழு உறுப்பினர் டத்தோ முகமட் ஜாஃப்னி, டியர் 1, டியர் 2 வகை மையங்களுக்கு இனி அனுமதி இல்லை என்றார். அவ்வகை மையம் நாளுக்கு 50 மில்லியன் லிட்டர் வரை நீர் எடுக்கக்கூடும் என்பது அவர் சொன்ன காரணம். ஆளுக்கு நாளுக்கு 250 லிட்டர் என்று தாராளமாக வைத்தாலும் அது 200,000 பேருக்கான தண்ணீர்.

முடிவு நல்லதுதான். ஆனால் தொழில் வழக்கில் 'டியர்' எண் குறிப்பது மையம் எவ்வளவு தடங்கலின்றி ஓடும் என்பதையே. எவ்வளவு நீர் குடிக்கும் என்பதை அல்ல. டியர் 4 என்ற பலகை இருப்பதாலேயே தண்ணீர் மிச்சம் என்று நிம்மதி அடைய முடியாது. எந்தக் குளிர்விப்பு முறை, குழாய் நீரா அல்லது சுத்திகரித்த கழிவுநீரா என்று கேட்டால்தான் விடை கிடைக்கும்.

இந்தப் பக்கத்து மக்கள் சந்தேகப்படுவதற்கு அனுபவமும் காரணம். 2019 மார்ச்சில் சுங்கை கிம் கிம்மில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டு, பாசிர் கூடாங் வட்டாரத்தில் 111 பள்ளிகள் மூடப்பட்டன. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடிய பெற்றோரிடம் போய், தொழில் வந்தால் எல்லாம் நல்லதே என்று சொன்னால் எடுபடாது.

அடுத்து வேலை. இதைப் பேசும்போது தோட்டத்திலிருந்து வந்தவர்களின் குரல் கொஞ்சம் மாறும். கூலாய் யங் தோட்டத்தை உதாரணமாக எடுக்கலாம். 1,640 ஏக்கர். பூஸ்டெட் நிறுவனத்திடமிருந்து 428.8 மில்லியன் வெள்ளிக்கு ஒய்.டி.எல். பவர் குழுமம் வாங்கியது. இன்று அங்கே சூரிய மின்சாரத்தோடு கூடிய தரவு மையப் பூங்கா. அமெரிக்காவின் என்விடியாவுடன் சேர்ந்து செயற்கை நுண்ணறிவு வசதி அமைக்கப்படும் என்று 2023 டிசம்பரில் அறிவிப்பு வந்த இடமும் அதுதான்.

தோட்டத்தில் சம்பளம் குறைவு. லயத்து வாழ்க்கை சுகமானதல்ல. அதை யாரும் பொற்காலம் என்று பாட வேண்டியதில்லை. ஆனால் தோட்டம் இருந்தால் ஒரு குடும்பத்தில் மூன்று பேருக்கு வேலை இருந்தது. பள்ளி, கோயில் எல்லாம் அந்த ஆள் எண்ணிக்கையால்தான் நின்றன. தரவு மையம் அப்படி அல்ல. கட்டும் காலத்தில் ஆயிரக்கணக்கானோர் தேவை. கட்டி முடித்த பிறகு, பெரிய கட்டடத்தைக் கூடச் சில நூறு பேர் பார்த்துக்கொள்வார்கள். அவர்களில் கணினிப் பொறியாளர்கள் மட்டுமல்ல, மின்சாரம், குளிர்சாதனம், தீயணைப்பு, டீசல் ஜெனரேட்டர் பார்ப்பவர்களும் இருப்பார்கள்.

நம் பிள்ளைகளுக்குக் கதவு திறப்பது அந்த இடத்தில்தான். உயர் மின்னழுத்தக் கருவிகளைக் கையாளச் சட்டப்படி எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்று வேண்டும். 'சார்ஜ்மேன்' என்று சொல்கிறோமே, அதுதான். 'ஏ' பிரிவு தாழ் அழுத்தத்துக்கு, 'பி' பிரிவு உயர் அழுத்தத்துக்கு. எஸ்.பி.எம். முடித்து, பாசிர் கூடாங் தொழிற்பயிற்சிக் கழகம் போன்ற இடங்களில் மின்சாரமோ குளிர்சாதனமோ படித்து, அனுபவம் சேர்த்துத் தேர்வு எழுதினால் எட்டக்கூடிய சான்று. பட்டம் கட்டாயமில்லை. சிக்கல் என்னவென்றால், அந்தச் சான்றோடு நிற்பவரை எதிர்க்கரையும் கூப்பிடும். சம்பளம் சிங்கப்பூர் வெள்ளியில். பாலத்தில் மோட்டார் சைக்கிளோடு விடியற்காலை நிற்கத் தயாராக இருப்பவரை இங்கே நிறுத்திவைக்க, இங்குள்ள நிறுவனங்கள் என்ன சம்பளம் தரும்? "தரமான வேலை" என்று மேடையில் சொல்பவர்கள் இந்தக் கேள்விக்கு எண்ணில் பதில் சொல்ல வேண்டும்.

பங்கு வாங்கியவர்கள் ஒரு தனிக் கூட்டம். 2025 ஜனவரியில் அமெரிக்கா சில்லு ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு அறிவித்தபோதும், அதே மாதம் சீனாவின் டீப்சீக் வந்து என்விடியாவின் சந்தை மதிப்பில் ஒரே நாளில் 600 பில்லியன் டாலருக்கு அருகில் கரைந்தபோதும், இங்கே தரவு மையப் பங்குகளும் சரிந்தன. அந்தச் சில்லுக் கட்டுப்பாட்டை வாஷிங்டன் மே மாதம் கைவிட்டது. ஜூலையில் மலேசியாவே அமெரிக்கச் சில்லுகளை வெளியே அனுப்ப அனுமதி கட்டாயம் என்றது. எங்கோ எடுக்கும் முடிவில் ஆடும் தொழில் இது. ஓய்வூதியக் காசைப் போடுமுன் அதை நினைவில் வைப்பது நல்லது.

தெனாகாவின் கைப்பேசிச் செயலியில் ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீடுகள் அன்றாடப் பயன்பாட்டைப் பார்க்கலாம். மாதம் 600-ஐத் தாண்டாமல் இருக்க நாளுக்குச் சராசரி 20 யூனிட். பில் காலத்தின் கடைசி வாரத்தில் அந்த எண்ணை ஒருமுறை பார்த்தால், 19 வெள்ளி மிச்சமாகுமா என்பது அப்போதே தெரிந்துவிடும்.