இந்த மாதம் எதைக் கற்பது?

கேரளத்தில் ஆலப்புழை மாவட்டம். அங்கே சேப்பாடு என்று ஓர் ஊர். கார்த்தியாயினி அம்மா அந்த ஊர்க்காரர். சிறு வயதில் அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. கோயில்களில் கூட்டிப் பெருக்கும் வேலை செய்தார். பிள்ளைகளை வளர்த்தார். 90 வயதைத் தாண்டிய பிறகுதான் எழுத்து கற்க உட்கார்ந்தார்.

2018-ஆம் ஆண்டு, மாநில எழுத்தறிவு இயக்கம் 'அட்சரலட்சம்' என்ற தேர்வை நடத்தியது. அதை அவரும் எழுதினார். அப்போது அவருக்கு வயது 96. வாங்கிய மதிப்பெண் 100-க்கு 98!

அந்தத் தேர்வில் இருந்தவை மூன்றுதான். வாசித்தல், எழுதுதல், எளிய கணக்கு. அதில் தேறிய பிறகே நான்காம் வகுப்புக்கு இணையான படிப்புக்குப் போனார். அதற்கு மேலே ஏழாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு என்று படிகள் உண்டு. 2023-ஆம் ஆண்டு, 101-ஆம் வயதில் அவர் காலமானார். எல்லாப் படிகளையும் அவர் ஏறவில்லை. ஆனால் ஏறிய படி ஒவ்வொன்றும் அவருடையது.

மையத்துக்கு வரும் பலர், "எல்லாம் படிக்க வேண்டும்" என்கிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் 'எல்லாம்' எப்போது முடியும்? முடிவு கண்ணில் படாது. ஒரு மாதத்தில் மனம் சோர்ந்துவிடும். "எனக்குப் படிப்பு ஏறாது" என்று நின்றுவிடுவார்கள். குறை அவர்கள் அறிவில் இல்லை. குறி மிகப் பெரியது. அவ்வளவுதான்.

சின்னக் குறியாக வைத்துப் பார்ப்போம்.

ஒரு பெண் வங்கியில் பணம் எடுக்கப் போகிறார். சீட்டை நிரப்ப ஒவ்வொரு முறையும் யாரையாவது கெஞ்ச வேண்டியிருக்கிறது. எழுதிக் கொடுப்பவர் எவ்வளவு தொகை எழுதினார் என்பதும் அவருக்குத் தெரியாது. "இந்தச் சீட்டை நானே எழுத வேண்டும்" என்று அவர் முடிவு செய்கிறார். இதற்கு என்னென்ன தெரிய வேண்டும்? பெயர், தேதி, கணக்கு எண், எண்ணால் தொகை, எழுத்தால் தொகை, கையெழுத்து. ஆறே விஷயம்.

முதல் வாரம்: பெயரும் கையெழுத்தும். கையெழுத்து எப்போதும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

இரண்டாம் வாரம்: தேதியும் கணக்கு எண்ணும். பாஸ் புத்தகத்தைப் பார்த்து எழுதலாம்.

மூன்றாம் வாரம்: ஐந்நூறு, ஆயிரம், இரண்டாயிரம் என்று தொகையை எழுத்தால் எழுதுதல்.

நான்காம் வாரம்: முழுச் சீட்டையும் எழுதிப் பழகுதல்.

கைநாட்டு வைத்துக் கணக்குத் தொடங்கியவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. முதலில் வங்கியில் சொல்லி, மாதிரிக் கையெழுத்தைப் பதிவு செய்ய வேண்டும். அதன் பிறகே கையெழுத்துப் போட்டுப் பணம் எடுக்க முடியும்.

உங்கள் குறி வேறாக இருக்கலாம். பேருந்துப் பலகை, ரேஷன் ரசீது, மகனுக்கு ஒரு கடிதம். எதுவானாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

இது எனக்கு எதற்கு உதவும்?

ஒரு மாதத்தில் முடியுமா?

முடிந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வேன்?

பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். சொல்லித்தர தொண்டர் இருக்கிறார். தெரியாததை அவரிடம் கேளுங்கள். ஆனால் உங்களுக்கு எது தேவை என்பது உங்களுக்குத்தானே தெரியும்?

நடவு, அறுவடை நாட்களில் வகுப்புக்கு வர முடியாமல் போகும். அப்போது குறியைக் கைவிட வேண்டாம். அதைப் பாதியாக்குங்கள். தினமும் பத்து நிமிடம் போதும். அடியோடு விட்டுவிட்டால் கற்ற எழுத்தும் மறந்துபோகும்.

நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். படித்த நாளுக்கு ஒரு கோடு போடுங்கள். மாதக் கடைசியில் கோடுகளை எண்ணுங்கள். எவ்வளவு தூரம் வந்தீர்கள் என்பதை உங்கள் நோட்டே சொல்லும்.

இன்றே இந்த வரியை எழுதுங்கள். கீழே தேதி போடுங்கள்.

"இந்த மாதம் நான் ............ கற்பேன்."

கோடிட்ட இடத்தை நிரப்ப வேண்டியவர் யார்? நீங்கள்தான்.