பெட்டியைத் திறக்காமல் பல்லை எண்ணலாம்

எங்கள் விடுதிக்கு அரிசியும் காய்கறியும் சுமந்து வரும் பழைய பிக்கப் வண்டியை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். ஜீப்பின் முகமும் லாரியின் முதுகும் கொண்ட அந்த வண்டிக்கு எங்களைவிட வயது அதிகம். சென்ற அரையாண்டுத் தேர்வுக்கு முன், அதன் பின்பக்கத்திலிருந்து ஊளையிடுவதுபோல் ஓர் ஓசை கிளம்பிற்று.

"கிரவுன் பினியன் தேஞ்சிடுச்சு சிஸ்டர். செட்டாத்தான் மாத்தணும். எத்தனைக்கு எத்தனை பல்லுன்னு தெரிஞ்சா வாங்கிடலாம்" என்றார் மெக்கானிக். பழைய பாகங்கள் விற்கும் கடையில் இரண்டு செட்டுகள் இருந்தன. ஒன்று 43-க்கு 8, மற்றொன்று 39-க்கு 8. விற்றதைத் திரும்பப் பெற மாட்டார்களாம். பெட்டியைத் திறந்தால் பல்லை எண்ணிவிடலாம். ஆனால் திறந்து போட்ட வண்டி சந்தைக்குப் போகாதே! சமையற்கட்டுச் சிஸ்டரின் கவலை அதுதான். திறக்காமலே கண்டுபிடிக்க முடியுமா என்று கணக்கு சிஸ்டர் எங்களைக் கேட்டார்கள். பத்தாம் வகுப்பிலிருந்து நாங்கள் நால்வர் போனோம்.

முதலில் இந்தப் பல் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறோம். எஞ்சினின் சுழற்சியைப் பின்னால் கொண்டு போவது வண்டியின் அடியில் நீளமாகத் தெரியும் புரொப்பல்லர் ஷாப்ட். அதன் நுனியில் இருக்கும் சிறு பற்சக்கரம் பினியன். அது சுழற்றும் பெரிய பற்சக்கரம் கிரவுன் வீல். கிரவுனில் 43 பல், பினியனில் 8 பல் என்றால், கிரவுன் ஒரு முறை சுற்ற ஷாப்ட் 43 ÷ 8, அதாவது 5.375 முறை சுற்ற வேண்டும். 39-க்கு 8 என்றால் 4.875 முறை போதும். விகிதம் கூடினால் இழுவை கூடும், வேகம் குறையும். போர்க்காலத்து வில்லீஸ் ஜீப்பில் 39-க்கு 8 இருந்தது. 1945-இல் உழவர்களை எண்ணி வெளியிட்ட சி.ஜே. 2ஏ ஜீப்பில் அதை 43-க்கு 8 ஆக்கினார்கள். வயலில் ஏர் இழுக்க வேண்டுமல்லவா!

செட்டு மாறினால் என்ன ஆகும்? எங்கள் வண்டிக்கு முன் சக்கரங்களையும் ஓட்டும் வசதி உண்டு. முன்னால் ஒரு விகிதம், பின்னால் ஒரு விகிதம் என்றிருந்தால், நான்கு சக்கரங்களையும் பூட்டி ஓட்டும்போது இரண்டு அச்சுகளும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். புதுப் பல்லும் பாழாகிவிடும்.

சில வண்டிகளில் பின்பெட்டியின் போல்ட்டில் ஒரு சிறு தகடு தொங்கும். விகிதம் அதிலேயே எழுதியிருக்கும். பழைய ஃபோர்டு பிக்கப்களில் கதவோரத் தகட்டில் அச்சுக்கு ஒரு குறியீடு உண்டு. எங்கள் வண்டியில் துரு மட்டுமே இருந்தது.

டிரைவர் அண்ணன் மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்து வலச் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, அடியில் தாங்கியும் வைத்தார். கியரை நியூட்ரலில் போட்டுக் கை பிரேக்கை விட்டார். பிரேக்கை விடாவிட்டால் எதுவும் சுற்றாது. ஆகவே கட்டை இல்லாமல் யாரும் இதில் இறங்க வேண்டாம். டயரிலும் ஷாப்டிலும் சாக்பீஸால் கோடு போட்டோம். சக்கரத்தை ஒரு முழுச் சுற்று சுற்றினோம். ஷாப்ட் இரண்டே முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றியது. எங்களுக்கு முகம் விழுந்துவிட்டது. 2.7 எங்கே, 5.375 எங்கே? கடையில் இருந்த இரண்டு செட்டுமே பொருந்தாது என்று ஒருத்தி சொல்லியும் விட்டாள்.

"மற்றச் சக்கரம் என்ன செய்தது?" என்று கேட்டார்கள் சிஸ்டர். அது தரையில் சும்மா நின்றது. அண்ணன் அதையும் தூக்கித் தாங்கி வைத்தார். இப்போது வலச் சக்கரத்தை முன்னோக்கிச் சுற்றினால் இடச் சக்கரம் பின்னோக்கிச் சுற்றியது. ஷாப்ட் அசையவே இல்லை! அப்போதுதான் எங்களுக்கு விளங்கிற்று. வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கத்துச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். அதற்காகவே இரண்டுக்கும் நடுவில் டிபரென்ஷியல் இருக்கிறது. இரு சக்கரங்களின் சுற்றுகளைக் கூட்டி இரண்டால் வகுத்தால் வருவதே கிரவுன் வீலின் சுற்று. ஒன்று முன்னும் ஒன்று பின்னும் சுற்றினால் விடை பூச்சியம். ஒன்று சுற்றி மற்றது நின்றால் விடை அரை. எங்கள் 2.7 கிரவுனின் அரைச் சுற்றுக்கு உரியது. அதை இரட்டிக்க வேண்டும். (இரு சக்கரமும் ஒரே பக்கமாகச் சுற்றும்படி அமைந்த அச்சுகளும் சில பிக்கப்களில் உண்டு. அவற்றில் இரண்டையும் தூக்கி ஒரு சுற்று சுற்றினால் போதும், இரட்டிப்புத் தேவையில்லை.)

இருந்தாலும் "சற்றுக் குறைவாக" என்பதை நம்பிப் பணம் கொடுக்க முடியுமா? இடச் சக்கரத்தை மறுபடி தரையில் இறக்கிக் கட்டை கொடுத்துவிட்டு, மீ.பொ.ம. பாடத்தை நினைத்துக் கொண்டோம். 43-க்கும் 8-க்கும் பொதுக் காரணி இல்லை. எனவே கிரவுன் எட்டு முறை சுற்றினால்தான் இரண்டு கோடுகளும் ஒருசேரத் தொடங்கிய இடத்துக்குத் திரும்பும். பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரவுனின் எல்லாப் பற்களையும் அதற்குள் ஒருமுறை தொட்டுவிடும். தேய்மானம் ஒரே இடத்தில் விழாமலிருக்கத்தான் இந்த ஏற்பாடு. கிரவுனின் எட்டுச் சுற்றுக்கு, தனியே சுற்றும் சக்கரம் 16 சுற்று. ஒருத்தி சக்கரத்தை எண்ண, ஒருத்தி அடியில் குனிந்து ஷாப்டை எண்ண, ஒருத்தி குறித்துக் கொள்ள, மற்றொருத்தி இடுப்பொடியச் சுற்றினாள். பதினாறாம் சுற்று முடிந்தபோது சாக்பீஸ் கோடு ஷாப்டின் உச்சியில் சரியாக வந்து நின்றது. குறிப்பேட்டில் 43.

சிஸ்டர் மறுபடியும் ஒருமுறை எண்ணச் சொன்னார்கள். அப்போதும் 43.

வண்டி மூன்று வாரம் ஊளையிட்டுக் கொண்டே சந்தைக்குப் போய்வந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறையில் மெக்கானிக் பெட்டியைத் திறந்தார். கருத்த எண்ணெயைத் துணியால் துடைத்ததும் கிரவுனின் ஓரத்தில் 43, 8 என்று பொறித்திருந்தது தெரிந்தது. கடையிலிருந்து வந்த செட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "யாரு பாப்பா எண்ணினது?" என்றார். நாங்கள் நால்வரும் கையைத் தூக்கினோம்.