நடுக்குவாதமும் தொலைமருத்துவமும்



நோய்கள் எல்லாம் ஒரே வகையில் மருத்துவருக்குத் தம்மை அறிவிப்பதில்லை. சில நோய்களைக் குருதிச் சோதனை காட்டும். சிலவற்றை எக்ஸ்ரே படம் காட்டும். சிலவற்றை மருத்துவர் தொட்டும் அழுத்தியும் பார்த்தே அறிதல் வேண்டும். நரம்பு நோய்களுள் ஒன்றாகிய நடுக்குவாதமோ பெரும்பாலும் கண்ணால் கண்டு அறியப்படுவது. தொலைவில் இருக்கும் மருத்துவர் திரையின் வழியே நோயாளியைப் பார்க்கும் முறைக்குத் தொலைமருத்துவம் என்று பெயர். நடுக்குவாத நோயாளர் பலர் அம்முறையை விரும்புவது ஏன்? அது எதற்கு உதவும், எதற்கு உதவாது? இவற்றை விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் நோயின் இயல்பை அறிவோம். நடுமூளையில் கருமை நிறம் கொண்ட சிறு பகுதி ஒன்று உண்டு. அங்குள்ள உயிரணுக்கள் டோப்பமைன் என்னும் பொருளைச் சுரக்கின்றன. உடலின் அசைவுகள் தடையின்றி நிகழ அப்பொருள் இன்றியமையாதது. அவ்வணுக்கள் சிறிது சிறிதாக அழியும்போது நடுக்குவாதம் தோன்றுகிறது. ஓய்ந்திருக்கும் கை நடுங்கும், செயல்கள் தாமதப்படும், தசைகள் விறைக்கும், நாளடைவில் நிற்பதிலும் நடப்பதிலும் தள்ளாட்டம் உண்டாகும். முகத்தில் உணர்ச்சி குன்றும், குரல் தாழும், கையெழுத்துச் சிறுத்துவிடும். 1960களில் வழக்கிற்கு வந்த லெவோடோபா என்னும் மருந்து இன்றும் தலைசிறந்த துணையாக உள்ளது. அது நோயை வேரோடு நீக்குவதில்லை, துன்பத்தைத் தணிக்கிறது. அதன் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும்; ஒருவருக்கே ஆண்டுக்கு ஆண்டு வேறுபடும். ஆதலால், நோயாளி நரம்பியல் மருத்துவரை அடிக்கடி காண வேண்டியவராகிறார்.

இந்நோயை முதன்முதலில் தெளிவாக விளக்கி எழுதியவர் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன். 1817இல் வெளிவந்த அவருடைய சிறு நூலில் ஆறு நோயாளரைப் பற்றிய குறிப்புகள் உள்ளன. அவருள் இருவரை அவர் தெருவில் தற்செயலாகச் சந்தித்தார். ஒருவரைத் தொலைவில் நின்று கண்டதோடு சரி. கூர்ந்த பார்வையும் பொறுமையான கேள்வியும் இந்நோயை அறிய எவ்வளவு பயன்படும் என்பதற்கு அந்நூலே சான்று.

நோயாளரைத் தொலைக்காட்சி வழியே காட்டும் முயற்சியும் நேற்றுத் தோன்றியது அன்று. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், 1959ஆம் ஆண்டிலேயே, மருத்துவர் செசில் விட்சன் என்பவர் இருவழித் தொலைக்காட்சியின் துணையால் நரம்புப் பரிசோதனைகளை மாணவர்க்குக் காட்டினார். 1964இல் 112 மைல் தொலைவிலிருந்த ஒரு மனநல மருத்துவமனையோடும் அத்தகைய இணைப்பு ஏற்பட்டது. அன்று அதற்குப் பெருஞ்செலவு ஆயிற்று. இன்று அந்த ஆற்றல் சட்டைப்பையில் அடங்கும் கைப்பேசியில் உள்ளது.

இனி, தேவை எத்தகையது என்று பார்ப்போம். அமெரிக்காவில் மெடிகேர் என்னும் முதியோர் மருத்துவக் காப்பீட்டின் பதிவேடுகளைக் கொண்டு செய்யப்பட்ட ஓர் ஆய்வு 2011இல் வெளிவந்தது. அதன்படி, நடுக்குவாத நோயாளருள் நரம்பியல் மருத்துவரைக் கண்டவர் 58 விழுக்காட்டினரே. அவ்வாறு கண்டவரிடையே இடுப்பெலும்பு முறிவு குறைவாக இருந்தது, பராமரிப்பு இல்லத்தை நாட நேர்ந்தவரும் குறைவு, உயிரிழந்தவரும் குறைவு. இதற்கு மருத்துவரைக் கண்டது ஒன்றே காரணம் என்று பதிவேடுகளைக் கொண்டு முடிவு கட்ட இயலாது. ஆயினும், அச்செய்தியைப் படித்தபின் ‘மருத்துவரைக் காண முடியாதவர்கள் என் செய்வார்கள்?’ என்று கேளாமல் இருக்க முடியாது.

நம் நாட்டில் இக்கேள்வி மேலும் கடுமையானது. சென்னையைச் சேர்ந்த நரம்பு அறுவை மருத்துவர் கணபதி 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி, நரம்பியல் மருத்துவரும் நரம்பு அறுவை மருத்துவரும் ஒருவர்கூட இல்லாத பகுதிகளில் 93 கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்தனர். இந்த எண்ணின் பொருளை நான் என் நண்பர் ஒருவர் வாயிலாக உணர்ந்தேன். அவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். அவர் எனக்கு எழுதும் கடிதங்களில் எழுத்து ஆண்டுதோறும் சிறுத்துக்கொண்டே வந்தது. பின்னரே நோய் இன்னதென்று தெரிந்தது. மருத்துவரைக் காண அவர் விடியற்காலை நான்கு மணிக்குப் பேருந்து ஏறுவார். படியில் ஏறும்போது கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். பின்னால் நிற்பவர்கள் விரைவுபடுத்துவார்கள். விரைவுபடுத்தினால் கால் இன்னும் நகராது. காலையில் உண்ட மருந்தின் வலிமை மருத்துவர் அறையை அடைவதற்குள் குன்றிவிடும். வீட்டில் ஓரளவு நன்றாக நடமாடும் மனிதரை, மருத்துவர் களைத்துச் சோர்ந்த நிலையில் காண்பார். பயணம் எல்லா நோயாளர்க்கும் செலவு; இந்நோயாளர்க்கோ அதுவே மற்றொரு நோய்.

இத்துன்பத்தைத் தொலைமருத்துவம் குறைக்குமா என்பதை முறைப்படி ஆராய்ந்தவர்களுள் ஒருவர், அப்போது நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மருத்துவர் ரே டார்சி. அவரும் துணைவரும் நடத்திய ஆய்வின் முடிவு 2017இல் வெளிவந்தது. அதில் சேர விருப்பம் தெரிவித்தவர் 927 பேர். அவருள் 195 பேர் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் வழக்கமான மருத்துவம் பெற்றனர். மற்றொரு பிரிவினர் அதனோடு, தாம் முன்பு கண்டிராத ஒரு நரம்பியல் வல்லுநரை, ஓராண்டில் நான்கு முறை வரை வீட்டிலிருந்தே திரையில் கண்டனர்.

கண்டது என்ன? ஒரு சந்திப்பால் நோயாளிக்கு மிஞ்சியது 88 நிமிடம். தவிர்க்கப்பட்ட பயணம் 38 மைல். இவை சராசரி அல்ல. எல்லா அளவுகளையும் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் இடைநிலை அளவுகள். ஆனால் நோயாளரின் வாழ்க்கைத் தரம் உயர்ந்ததா என்றால், இரு பிரிவுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. உயரவும் இல்லை; தாழவும் இல்லை. இதனை ஏமாற்றம் என்று கொள்ள வேண்டுவதில்லை. அவர்களுள் 73 விழுக்காட்டினர் அண்மையில் வல்லுநரைக் கண்டவர்கள். ஏற்கெனவே உண்டவர்க்கு மேலும் ஒரு கவளம் இட்டால் பசி தீர்ந்தது என்று எவ்வாறு அளப்பது?

அவ்வாய்வு தரும் மற்றொரு செய்தியை நீங்கள் மறவாது கருத வேண்டும். பங்கு கொண்டவருள் 73 விழுக்காட்டினர் கல்லூரிக் கல்வி பெற்றவர்கள். 96 விழுக்காட்டினர் வெள்ளையர். விருப்பம் தெரிவிக்க முதலில் செய்தி எட்ட வேண்டும், கருவி வேண்டும், அதை இயக்கத் துணிவு வேண்டும். இவை இல்லாதவர் விருப்பம் இல்லாதவர் என்று எண்ணுவது பிழை. தாகம் உடையவர் எல்லோரும் கிணற்றடிக்கு வந்துவிட்டார்கள் என்று சொல்ல முடியுமா?

இம்முறையின் எல்லையையும் அறிதல் வேண்டும். நடுக்கத்தையும் நடையையும் விரல்களின் வேகத்தையும் திரையில் காணலாம். தசையின் விறைப்பையோ, கையை மடக்கி நீட்டிப் பார்த்தாலன்றி உணர இயலாது. நோயாளியின் பின்னால் நின்று தோளை இழுத்து நிலைதவறுகிறாரா என்று பார்க்கும் சோதனையும் நேரில் செய்யத்தக்கதே. 2020 மார்ச் 25ஆம் நாள் இந்திய அரசு வெளியிட்ட தொலைமருத்துவ நெறிமுறைகளும், தொலைவிலிருந்து பார்ப்பது போதுமா, நேரில் வர வேண்டுமா என்று முடிவு செய்யும் பொறுப்பை மருத்துவரிடமே விட்டுள்ளன. மேலும், திடீரென ஒரு பக்கம் கைகால் செயலிழந்தாலோ பேச்சுக் குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். அந்நிலையில் திரையை நாடிக் காத்திருக்கலாகாது. உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

மாணவர்களாகிய நீங்கள் செய்யத்தக்கது ஒன்று உண்டு. உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ இந்நோயால் வருந்தும் முதியவர் இருக்கலாம். மருத்துவர் திரையில் வரும் நாளில், முகத்தில் ஒளி விழும்படி அவரை அமர்த்துங்கள். அவர் நடப்பது தலை முதல் கால் வரை தெரியும்படி கைப்பேசியைத் தள்ளி வையுங்கள். மருந்து உண்ட வேளைகளையும், அதன் வலிமை குன்றிய வேளைகளையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். எதிர்பாராது தடுமாறினால் தாங்கிக்கொள்ள அருகிலேயே நில்லுங்கள். மருத்துவர் வினவும்போது முந்திக்கொண்டு நீங்கள் விடை கூறாதீர்கள். அவர் குரல் தாழ்ந்திருக்கும். சொல் தாமதமாக வரும். ஆயினும் கூற வேண்டியவர் அவரே. கருவியும் மருத்துவரும் இருந்தும், இடையே ஓர் இளைஞரின் பொறுமை இல்லாமையால் பயனற்றுப்போன சந்திப்புகள் உண்டு. அந்தப் பொறுமையை உங்களால் தர முடியும்.